நேற்றோடு மூன்று வருடம்

“மூணு வருஷமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

பேங்க் மேனேஜர் கேட்டதும் தையற்காரம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். போன் வந்ததும் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடி வந்தவள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

“மொத வாரமே வந்தேனே சார். என் கணக்குல நாலு லட்சம் தப்பாயிருக்குன்னு எழுதிக் குடுத்தேன். அப்போ இருந்த மேனேஜர், ‘மேல அனுப்பியாச்சு, போயிட்டு வாங்க’ன்னார். அடுத்து வந்தவரும் அதையேதான் சொன்னார். நீங்க மூணாவது ஆளு.”

“வந்தீங்க, சீல் வாங்குனீங்க, சரி. கேஸ் போட்டீங்களா?”

“நான் எதுக்கு சார் கேஸ் போடணும்?”

“அங்கதான் கோட்டை விட்டீங்க!”

மேனேஜர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். காலண்டரில் தேதியை இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் அவளைப் போனில் கூப்பிட்டிருந்தார்.

“பேங்க்ல தப்பு நடந்தா மூணு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போயிடணும். உங்க கெடு நேத்தோட முடிஞ்சுது. வெள்ளம் வந்தப்புறம் அணை கட்டி என்னம்மா பிரயோஜனம்?”

“அந்தப் பணத்தை நெனச்சு எனக்குச் சரியா தூக்கமே இல்ல சார். வீட்டுக்காரர், ‘வாயை மூடிட்டுச் சும்மா இரு’ங்கிறார். எனக்குத்தான் மனசு கேக்கல.”

“அவர் விவரமானவர்.”

“நான் எழுதினதை ஒரு தடவை படிச்சுட்டாவது சொல்லுங்களேன்.”

“படிச்சா மட்டும் பணம் வந்துடுமா?”

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள்.

“அப்போ, அந்த நாலு லட்சத்தைப் பத்தி இனிமே யாரும் எதுவும் கேக்க முடியாதா சார்?”

“கடவுளே டோக்கன் எடுத்துட்டு வந்து நின்னாலும் முடியாது.”

“எழுத்துல குடுப்பீங்களா?”

மேனேஜருக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஒரு புகாரை முடித்துவைத்தால் தலைமை அலுவலகத்தில் நல்ல பெயர். வழக்கமாக இந்தக் கையெழுத்தை வாங்குவதற்குள் அழுகை, சாபம், மண்ணை வாரித் தூற்றல் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். இவள் தானாகவே கேட்கிறாள்! மனம் மாறுவதற்குள் அவரே உட்கார்ந்து தட்டினார்.

‘மேற்படி தொகை குறித்து வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை.’

இரண்டு பிரதி. இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் மையில் தோய்த்து ஓங்கி சீல் குத்தினார்.

“எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எனக்கு பிரஷர் மாத்திரையே வேண்டாம்மா” என்று சிரித்தபடி, காகிதத்தைக் கோர்ப்பதற்காக அவளுடைய கோப்பை முதல் தடவையாகத் திறந்தார்.

மேலேயே இருந்தது, மூன்று சீல் வாங்கிய அவளுடைய கடிதம்.

‘ஐயா, தங்கள் வங்கி தவறுதலாக என் கணக்கில் போட்டுவிட்ட நாலு லட்சத்தைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளவும்.’

மேனேஜர் தலைநிமிர்ந்தபோது, தையற்காரம்மா தன் பிரதியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.