ஆணி கலந்த அரிசி

முகத்தைத் துண்டால் மூடிய எவனோ அரிசி மண்டிக்குள் வீசிய நாட்டு வெடிகுண்டில் சீனித்தாயின் புருஷன் செத்தார். பதினோரு மூட்டை அரிசி கிழிந்து கொட்டியது, குண்டுக்குள் இருந்த ஆணிகளும் அதில் கலந்துவிட்டன. ரத்தம் பட்ட அரிசியை அள்ளிப் புதைத்தாள். மிச்சத்தை மூன்றாம் நாள் தரையில் பரப்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி அதற்குள் இழுத்தாள். ஒவ்வொரு முறையும் அது முள்ளம்பன்றியாகத்தான் வெளியே வந்தது.

எதிர் மண்டி தவசிலிங்கம் விலை பேச வந்தார். துக்க வீட்டில் ரொம்பக் குறைத்துக் கேட்கக் கூடாது என்பதால் பாதி விலையில் ஆரம்பித்தார்.

"ஆணி கெடக்க அரிசிய எவன் மதினி வாங்குவான்? நானா இருக்கப்போய் கேக்கேன்."

"ஆணிய எடுத்துட்டுத்தான் குடுப்பேன் கொழுந்தனாரே. உக்காருங்க."

அவர் ஒரு காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அரிசியோரம் உட்கார்ந்தார்.

"கால்ல என்ன?"

"வாதம்."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"இதுக்கெல்லாமா? சரி, முக்கா வெல. ஒரே பேச்சு."

சீனித்தாய் காந்தத்தைத் துடைத்துத் தூக்கினாள். கயிறு நேராகத் தொங்கவில்லை. அவர் பக்கமாகச் சாய்ந்தது. வேட்டிக்கு மேலே, தொடையில் போய் நச்சென்று ஒட்டிக்கொண்டது. அவர் அலறினார். வெள்ளை வேட்டியில் சிவப்பாக ஒரு பொட்டு பூத்துப் பெரிதானது.

"அது எங்க அரிசியில வந்த ஆணி கொழுந்தனாரே. நாந்தான் எடுக்கணும்."

மூட்டையைக் குத்தி மாதிரிக்கு அரிசி எடுத்துப் பார்க்கும் குத்தூசியை அவள் எட்டி எடுத்தாள்.

"முழு வெல" என்றார் தவசிலிங்கம். "மதினி, முழு வெல!"