வலதுபக்கச் சக்கரங்கள்

வலதுபக்கச் சக்கரங்கள் இரண்டும் அவ்வளவு நன்றாக இருந்தன.

குனிந்து பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவே பள்ளங்களில் கறுப்பு பெயின்ட் சரியாக இறங்கியிருந்தது. கம்பிகளின் மேல் குரோம் மட்டும் பளபளத்தது. ஒரு பொட்டுகூட வழியவில்லை. கட்டைவிரல் நகத்தளவு சக்கரம்தான். நிஜக் காரிலிருந்து சுருக்கி எடுத்தது போல இருந்தது.

மேசையைச் சுற்றி இடதுபக்கம் வந்தேன். இங்கே கறுப்பு திட்டுத்திட்டாக நின்றது. ஒரு கம்பியில் பஞ்சு நூல் ஒட்டிக் காய்ந்திருந்தது.

இடதுபக்கம் என்னுடையது. வலதுபக்கம் ஷாஜினுடையது. ரஃபி அகமது சார் அப்படித்தான் ஒரு சீட்டில் எழுதிக் காரின் அடியில் வைத்துவிட்டு மக்ரிப் தொழுகைக்குப் போயிருந்தார்.

சார் எங்கள் ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூம் மேனேஜர். சாயங்காலம் கேன்டீன் மாடியில் எங்களுக்கு டிசைன் வகுப்பு எடுப்பவரும் அவர்தான். சின்னக் கார்களை வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடிப்பது அவருக்குப் பைத்தியம். ஜெர்மனி கண்காட்சிக்குப் போனால் ஒரு பெட்டி இல்லாமல் ஆம்பூர் திரும்ப மாட்டார். சாம்பிள் ரூமுக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும், உங்கள் கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இந்தக் காரின் சக்கரங்களை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார்.

மற்றவன் கீழே, பழைய வரிசைக்கே போக வேண்டும். ஷூவைக் கவிழ்த்துப் பிடித்து சோல் ஓரத்துக்குக் கலர் அடிக்கும் வரிசை. மூன்று வருடமாக இருவரும் அங்கேதான் இருக்கிறோம். வீட்டில் சோறு பிசையும்போதும் விரலில் தின்னர் நாறும்.

நான் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்தேன். கறுப்பு ஒரு சொட்டு, தின்னர் மூன்று சொட்டு. நாலாவது சொட்டு விழுந்தால் குரோமே உரிந்துவிடும். பள்ளத்தில் விட்டு, பத்து எண்ணி, பஞ்சால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். டைரியில் இது இரண்டு பக்கம் இருக்கிறது.

ஷாஜின் எதையும் அளக்கவில்லை. சர்ச் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்து, பஞ்சால் கண்டபடி துடைத்தான்.

ஈரமாக இருந்தபோதே என் சக்கரங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. தூசி படாமல் ஷூ டப்பாவைக் கவிழ்த்து மூடினேன். பிறகு திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. காய்ந்ததும் மாட்டச் சொன்னார் சார். டப்பாவோடு ஷாஜின் பக்கம் நகர்த்தினேன். நாலையும் ஷாஜினே மாட்டினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

இப்போது அவன் கை கழுவக் கீழே போயிருந்தான்.

அந்தப் பளபளப்பைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அளக்காதவனுக்கு எப்படி இது வந்தது?

சக்கரங்களுக்குப் பசை போடவில்லை. அச்சில் அழுத்தி மாட்டியவைதான். இழுத்தால் வந்துவிடும். அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம் மாற்ற ஒரு நிமிடம் போதும்.

சார் திரும்பப் பத்து நிமிடம் இருந்தது.

வலதுபக்க முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்தேன். சுலபமாக வந்தது. திருப்பினேன்.

உள்பக்கம் பென்சிலில் 214 என்று எழுதியிருந்தது.

என் டோக்கன் நம்பர். என் கையெழுத்து.

முடித்த பீஸின் உள்பக்கம் அவரவர் நம்பர் போடுவது எங்கள் செக்‌ஷன் வழக்கம். ரிஜெக்ட் ஆகித் திரும்பினால் யார் கை என்று தெரிய வேண்டுமே. பழக்கத்தில் சக்கரத்துக்கும் போட்டிருக்கிறேன்.

பின்சக்கரத்தையும் கழற்றினேன். 214. இடதுபக்கத்து இரண்டையும் கழற்றினேன். அவற்றில் நம்பர் இல்லை.

இவ்வளவு நேரம் நான் வயிறெரிந்தது என் சக்கரங்களைப் பார்த்துத்தான்.

ஷாஜின் மாற்றியிருக்கிறான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாற்றியிருக்கிறான். கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவனும் என்னைப் போலத்தான்.

படியில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. ஷாஜின் வாசலில் நின்றான். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேசையில் கிடந்த மூன்று சக்கரங்களையும் என் கையிலிருந்த ஒன்றையும் பார்த்தான்.

“டேய் நெல்வினு, காரை ஷூ மாதிரி கவுத்துப் போட்டு மாட்டிட்டேன்டா. லெஃப்ட் ரைட்டு மாறிப் போச்சு. குழாயாண்ட போனப்பறம்தான் தோணுச்சு, அடிச்சுப் புடிச்சி ஓடியாறேன். நீயே பாத்துட்டியா?”

சக்கரத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

“ஆமாடா.”

அவன் கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டு காரை நேராக நிறுத்திப் பிடித்தான். நான் என்னுடையதை இடதுபக்கம் மாட்டினேன். அவன் தன்னுடையதை, அந்தப் பஞ்சு நூலோடு, வலதுபக்கம் தானே அழுத்தி மாட்டினான். என்னுடையது ஜோராக வந்திருக்கிறது என்றான். பிறகு அதே சர்ச் பாட்டு.

சார் உள்ளே வந்ததும் அவன்தான் முந்திக்கொண்டான். தான் மாற்றி மாட்டியதையும், அதை நான் கண்டுபிடித்துக் கழற்றியதையும் ஒன்று விடாமல் சொன்னான்.

சார் சக்கரங்கள் பக்கம் குனியக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்தார். கை யாருக்கும் பழகிவிடும், சாம்பிள் ரூமுக்கு இந்தக் கண்தான் வேண்டும் என்றார்.

ஷாஜின் என் முதுகில் ஓங்கித் தட்டினான். அவன் கை இன்னும் ஈரமாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.