ஒட்டாத கொடி

துபாய் சரக்குக் கப்பலில் வேலை பார்த்த ஃபாஜில், தொண்ணூற்றேழில் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தான். விக்டோரியா ராணி காலத்து இரும்புக் கவசப் போர்க்கப்பலின் பிளாஸ்டிக் மாதிரி, துண்டு துண்டாக இருந்தது. பேராவூரணி வீட்டில் அவனும் அத்தா சேக் தாவூதும் தரையில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டினார்கள். பீரங்கிகளை ஈர்க்குச்சி நுனியால் நகர்த்தி உட்கார வைத்தார்கள். கொடி ஒன்றுதான் பாக்கி. அதற்குள் ஏர்போர்ட் கார் வந்துவிட்டது.

“கொடியை மட்டும் ஒட்டிடாதீங்கத்தா. அடுத்த லீவுல வந்து நான் ஒட்டுறேன்.”

அந்த வருஷமே அவன் போன கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. இறந்தவர்களுக்காக ஓதும் ஃபாத்திஹாவை மகனுக்கு ஓத, அவனைப் பெற்ற நூர்ஜஹான் சம்மதிக்கவில்லை. “கொடி ஒட்டாமத்தானே இருக்கு, வருவான்” என்பாள்.

இரண்டு வருஷம் கழித்துச் சம்மதித்தாள். ஓதுகிற அன்று காலையில் அடுப்பில் நெய்ச்சோறு வெந்துகொண்டிருந்தது. இனி யாருக்காக வைத்திருப்பது என்று, தானே கொடியை ஒட்டிவிட சேக் தாவூது அலமாரியைத் திறந்தார்.

பெட்டிக்குள் இருக்க வேண்டிய கொடி கம்பத்தில் நின்றது. தொட்டார். பசை காயாமல் விரலோடு இழுபட்டது. பெட்டியிலிருந்த பசை ட்யூபை எடுத்து அமுக்கிப் பார்த்தார்; அது எப்போதோ கல்லாக இறுகிப்போயிருந்தது.

“நூரு, நீ ஒட்டுனியா?”

அவள் கரண்டியோடு வந்தாள். கொடியைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

“சோறு இன்னும் வேகலயே” என்றாள். “பசியோடயே போயிட்டான்.”