போஸ்டரை மறைத்த முதுகு

புரொஃபசர் வெண்ட்லாந்த் அந்த வரிசைக்குள்ள திரும்பின நேரம் பார்த்துதான், கோரா மேடம் வந்து ஃபென்யாவோட போஸ்டர்ல முதுகைச் சாய்ச்சு நின்னாங்க.

கையில பெரிய பிரெட்சல் ரொட்டி. அதைக் கடிச்சுக்கிட்டே, "என்ன பொண்ணே, உங்க ஊர்ல மழையா?"

ஹைடல்பெர்க் மலை மேல உயிரியல் மாநாடு. ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் தங்கள் வேலையை ஆளுக்கொரு போஸ்டர்ல ஒட்டிட்டு, பக்கத்துலயே காவல் நிக்கிற நேரம். வெண்ட்லாந்த் லேபுல ஒரே ஒரு இடம் காலி. போஸ்டரைப் பார்த்துதான் ஆள் எடுப்பார். அதுக்காகத்தான் ஃபென்யா கீல் நகரத்துலேர்ந்து ரயிலேறி வந்திருக்கா.

"மேடம், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? புரொஃபசர் வர்றார்."

"வரட்டுமே. நான் என்ன அவரைக் கடிச்சா வைக்கப்போறேன்?"

வெண்ட்லாந்த் வந்தார். எட்டிப் பார்த்தார். "கோரா, வழி விடேன். படத்தைப் பார்க்கணும்."

"படம் எங்கயும் ஓடிடாது. அங்க பியர் தீரப்போகுது, முதல்ல அதைக் கவனிங்க."

அவர் சிரிச்சுக்கிட்டே பக்கத்து போஸ்டருக்கு நகர்ந்துட்டார். அது, அதே இடத்துக்கு வந்திருந்த மட்ஸோடது. நின்னு நிதானமா கேள்வி கேட்டார்.

ஃபென்யாவுக்குப் பத்திக்கிட்டு வந்தது. போன வாரம் இதே மேடம் கீலுக்கு வந்து நடத்தின மைக்ராஸ்கோப் பயிற்சியில, "லென்ஸைத் துடைக்காமலா மேடம் வகுப்பு எடுக்கிறீங்க?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டா. அதை மனசுல வச்சுக்கிட்டுதான் இந்த வேலை.

புரொஃபசர் அந்தப் பக்கம் போனதும் மட்ஸ் காதோரமா சொன்னான். "உன் ஆராய்ச்சியைவிட மேடத்தோட ஸ்வெட்டர் நல்லாத் தெரிஞ்சுது போ."

மணி அடிச்சது. கூட்டம் மொத்தமும் சாப்பாட்டுக்கு இறங்கிருச்சு, மட்ஸும்தான். அப்பதான் மேடம் முதுகை எடுத்தாங்க.

"திருப்தியா மேடம்? பழி தீர்த்தாச்சா?"

மேடம் ஸ்வெட்டர்ல இருந்த பிரெட்சல் தூளைத் தட்டிவிட்டாங்க. "நான் சாய்ஞ்சிருந்த இடத்துல ரெண்டு படம் இருக்கே, அதைப் பாரு."

இடது பக்கம், மருந்து போடாத செல். வலது பக்கம், மருந்து போட்ட செல்.

பார்த்தா. இன்னொரு தடவை பார்த்தா.

ரெண்டும் ஒரே படம். போஸ்டர் தயார் பண்றப்போ சும்மா இடம் பிடிக்க ஒட்டின படம். மாத்த மறந்துட்டா.

ஒரே படத்தை ரெண்டு விதமான செல்லுன்னு போட்டா, இவங்க உலகத்துல அதை மறதின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மோசடின்னுதான் சொல்வாங்க. அப்புறம் எந்த லேபும் கதவைத் திறக்காது.

"உன் நிஜப் படத்தை வகுப்புல நான் பார்த்திருக்கேன். மத்தவங்க பார்த்ததில்லையே," மேடம் சொன்னாங்க. "அத்தனை பேர் நடுவுல சொல்லியிருந்தா, நீ முழிக்கிற முழியே ஊரைக் கூட்டியிருக்கும். ஆமா, என் லென்ஸ்ல தூசியைக் கண்டுபிடிச்ச கண்ணு இதை எப்படி விட்டுச்சு?"

"இப்ப என்ன பண்றது மேடம்?"

"கழட்டு. நாளைக்குக் காலைல வெண்ட்லாந்த் என்கூடதான் சாப்பிடறார். சரியான படத்தோட வா. முதல்ல தப்பைச் சொல்லு, அப்புறம் படத்தைக் காட்டு. தன் தப்பைத் தானே வந்து சொல்ற ஆளைத்தான் அவர் தேடிக்கிட்டிருக்கார்."

ஃபென்யா போஸ்டரைச் சுருட்டினா. சரியான படத்தைத் தேடக் கிளம்பினா.

உங்களை மறைச்சுக்கிட்டு நின்ன முதுகை நீங்களும் இப்படி மனசுக்குள்ள திட்டியிருக்கீங்களா?