சோதித்த கை

நரம்பைத் தாக்கும் தொற்றுக்காக அடுக்ககத்தின் கதவுகளை வெளியிலிருந்து பூட்டி நாற்பது நாளாகியிருந்தது. சவரிமுத்துவுக்குக் கால்கள் விழுந்துவிட்டன. திரையில் வந்த நரம்பியல் டாக்டர் சொல்லச் சொல்ல, மனைவி பிலோமினாதான் அவரைச் சோதித்தாள். ஆரோக்கியமான ஒருவர் உடனிருந்தால்தான் நோயாளியை வீட்டில் விட்டுவைப்பார்கள். இல்லாவிட்டால் தொற்று மையத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"கரண்டிக் காம்பால முழங்காலுக்குக் கீழ தட்டுங்கம்மா."

தட்டினாள். கால் அசையவில்லை. டாக்டரின் பார்வை அவள்மேல் இருந்தது.

"உங்க கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

பிலோமினா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். குளிருது, அவ்வளவுதான்."

"நான் எதுவும் எழுதலம்மா. கை நடுங்கினதைக் கேமராவே பதிஞ்சு அனுப்பிடுச்சு. ரெண்டு வண்டி வரும்."

"ஒரே வண்டியில போகக் கூடாதா?"

"உங்க ரெண்டு பேருக்கும் வேற வேற மையம்மா."

திரை அணைந்ததும் அவள் ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை. திரும்பி வந்து கட்டிலில் அவர் அருகே உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஒளித்த கையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது வெடவெடவென்று ஆடியது.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"உங்களுக்குக் கால் விழுறதுக்கு முன்னாடியே."