நட்சத்திரம் போட்ட நேரங்கள்

"மாத்திரை எட்டு மணிக்கு, சிஸ்டர். இப்ப எட்டு பதிமூணு."

நர்ஸ் அப்பாவின் கையில் மாத்திரையை வைத்தார்.

வீட்டில் என் குரலுக்குப் பூனைகூடத் திரும்பாது. ஆனால் அப்பாவின் இதயத் துடிப்பு தாளம் தப்பி, அவரை வார்டில் சேர்த்த நாலே நாளில் நான் சிங்கமாகியிருந்தேன். கையில் கோடு போட்ட நோட்டு. தலைக்குள் இணையத்தில் மேய்ந்த அரைகுறை வைத்தியம்.

கட்டிலுக்கு மேல் இதயத் துடிப்பு ஓடிய திரையைக் காட்டினேன்.

"நூத்தி முப்பத்திரண்டு. நேத்தும் இதே நேரம் இப்படித்தான். டாக்டர்கிட்ட சொல்றீங்களா, இல்லையா?"

"சொல்றேன் சார்."

"சொல்ற மாதிரி தெரியலையே."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பாவம், களைப்பு என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். நோட்டை நீட்டினேன்.

"காலையும் சரி, சாயங்காலமும் சரி, நூத்தி இருபதுக்குக் கீழ இறங்கவே இல்ல. மருந்தைக் கூட்டணும் டாக்டர். இங்க யாரும் கவனிக்கிறதில்ல."

டாக்டர் அதைப் பொறுமையாகப் படித்து, நர்ஸ் எழுதிய தாளோடு ஒப்பிட்டார்.

"ரெண்டும் ஒத்துத்தான் போகுது. ஆனா சிஸ்டர் தாள்ல மத்த நேரமெல்லாம் எழுபத்தெட்டு, எண்பதுன்னு இருக்கே. உங்க நோட்டை நம்பி மருந்தைக் கூட்டியிருந்தா, துடிப்பு நாப்பதுக்குப் போயிருக்கும்."

"மத்த நேரம் நான் இங்க இல்லையே, டாக்டர்."

"அதான்." தாளைத் திருப்பிக் காட்டினார். ஏறின எண் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் ஒரு குட்டி நட்சத்திரம். "இது என்ன சிஸ்டர்?"

நர்ஸ் தயங்கினார். "சார் சத்தம் போடுற நேரம். அவர் போய் அரைமணி கழிச்சு மறுபடியும் பார்த்து எழுதிடுவேன்."

நாலு நாள் கர்ஜனையையும் ஒன்று விடாமல் குறித்து வைத்திருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்." அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "சொன்னா நிறுத்திடுவே. எனக்காக ஒருத்தன் சண்டை போடுறது கேக்க நல்லாத்தான்டா இருந்தது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தமே போடவில்லை.

திரையில் தொண்ணூறு, நூறு, நூத்திப் பத்து.

நர்ஸ் பென்சிலை எடுத்தார்.