எதிரே வந்த நத்தை

மலைமேல் இருந்த கண்ணாடிச் சிற்பத் தோட்டத்தைப் பார்க்க ஒரு நத்தை வந்தது. நடைபாதையின் கல்வரம்பில், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு கண்ணாடி நத்தையைப் பதித்திருந்தார்கள். வந்த நத்தை அதன் பின்னாலேயே நின்றுவிட்டது. முன்னால் போகிற மூத்தவரை முந்துவது நத்தைகளிடம் வழக்கமில்லை.

"நான் கண்ணாடி, தம்பி. நகரவே மாட்டேன். நீ போ."

"நம்மைப் பார்த்து எல்லோரும் சொல்வதுதானே, அண்ணே! நிதானமாகவே கிளம்புங்கள்."

வெயில் ஏறியது. செடி நிழல் இன்னும் நாலு முழம் தள்ளி இருந்தது. தம்பியின் குரல் வறண்டுகொண்டே வந்ததைக் கண்ணாடி நத்தையால் பொறுக்க முடியவில்லை.

"அட, நான் எதிரே அல்லவா வந்துகொண்டிருக்கிறேன்! நீ பார்ப்பது என் முகம், தம்பி."

கண்ணாடியில் வெயில் தெறித்ததில் தலை எது, வால் எது என்று தெரியவில்லை. "மன்னித்துக்கொள்ளுங்கள், அண்ணே" என்று நத்தை அவசரமாக ஒதுங்கி, நிழலுக்குள் போய்ச் சேர்ந்தது.

மாலையில் தோட்டத்தைப் பார்த்துவிட்டு அதே வழியாகத் திரும்பியது. எதிரே கண்ணாடி நத்தையின் முகம், இரண்டு கொம்புகளோடு, தெளிவாகத் தெரிந்தது.

"அதற்குள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டீர்களா! என்ன வேகம், அண்ணே!"

வைத்த நாளிலிருந்து இம்மியும் நகராத கண்ணாடி நத்தை, "கொஞ்சம் அவசர வேலை, தம்பி" என்றது.